பொத்தானின் கன்னம்

டீச்சர்: இருங்க, இன்னும் நான் விஷயத்துக்கே வரல...

ஜவுளிக்காரர்: சீக்கிரம் வாங்க டீச்சர். கடையில ஆள் காத்திருக்கு. சுருக்கமா வெட்டிக் குடுங்க.

டீச்சர்: துணியா, வெட்டிக் குடுக்க? முதல்ல உக்காருங்க.

ஜவுளிக்காரர்: இந்த நாற்காலியிலயா? உக்காந்தா நான் எழுந்திருக்கறப்போ இதுவும் கூடவே வரும்.

டீச்சர்: நாலு வயசுப் பிள்ளைங்களுக்குச் செஞ்சது. பாய்ல உக்காருங்க.

ஜவுளிக்காரர்: ம்... சொல்லுங்க. எங்க பொத்தான் யாரையாவது அடிச்சிட்டாளா?

டீச்சர்: அடிச்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். சத்தமாவது வந்திருக்கும். வகுப்புல வாயே திறக்கறதில்ல.

ஜவுளிக்காரர்: பொத்தானா! வீட்டுல அந்த வாய்க்குப் பூட்டு தேடிக்கிட்டு இருக்கோம்.

டீச்சர்: இந்தப் பையைப் பாருங்க. பார்க்காம கையை விட்டு, தொட்டது எப்படி இருக்குன்னு சொல்லணும். மத்ததுங்க எல்லாம் 'சொரசொரப்பு', 'வழவழப்பு'ன்னு கூரை பறக்கக் கத்துது. இவ மட்டும் கண்ணை மூடிக்கிட்டு, எடுத்துக் கன்னத்துல வெச்சுக்கறா. அப்புறம் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, காதுக்குள்ள சொல்றா.

ஜவுளிக்காரர்: ...கன்னத்துலயா?

டீச்சர்: கன்னத்துலதான். விரல்ல ஏதாவது கோளாறோன்னு எனக்குப் பயம்...

ஜவுளிக்காரர்: என் பொண்ணு விரல்ல ஒரு கோளாறும் கிடையாது!

டீச்சர்: ஏன் இப்படிப் பதறுறீங்க? வேர்க்குது பாருங்க.

ஜவுளிக்காரர்: புழுக்கம். ஜன்னல் சின்னது... சரி, காதுல சொன்னா என்ன? பதில் பதில்தானே?

டீச்சர்: பெரிய டீச்சர் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. வாய் திறந்து பதில் சொல்லாத பிள்ளை இன்னொரு வருஷம் இதே வகுப்புலதான். நாளைக்கு முடிவு பண்றாங்க.

ஜவுளிக்காரர்: ஒரு வருஷமா? அநியாயம். ஆறு மாசத்துக்கு முடிச்சுக்குவோம்.

டீச்சர்: இதென்ன பேரமா?

ஜவுளிக்காரர்: எல்லாம் பேரம்தான். ரெண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்தா...

டீச்சர்: உங்க பொண்ணு காதுல சொன்னதைக் கேட்டா பேரமே பேச மாட்டீங்க. வெல்வெட்டுக்கு என்ன சொன்னா தெரியுமா?

ஜவுளிக்காரர்: மெத்துனு இருக்குன்னிருப்பா.

டீச்சர்: 'இந்தப் பக்கம் தடவினா ஆமாங்குது, அந்தப் பக்கம் தடவினா வேண்டாங்குது.' கண்ணாடிக் கோலிக்கு... 'இதுக்கு ஆரம்பமே இல்ல டீச்சர், எங்கே இருந்து தொடறது?'

ஜவுளிக்காரர்: அப்பாடி...

டீச்சர்: எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஜவுளிக்காரர்: பொறந்ததுல இருந்து துணிக்குள்ள கிடக்கேன் டீச்சர். வெல்வெட்டை 'நல்ல ரகம்மா, எடுத்துக்கோங்க'ன்னுதான் வித்திருக்கேன். அது ஆமாம் வேண்டாம்னு பேசறது எனக்குத் தெரியாமப் போச்சே... எங்கே அவ?

டீச்சர்: கதவுக்குப் பின்னால. ரெண்டு காலும் தெரியுது பாருங்க. பொத்தான், வா கண்ணு.

பொத்தான்: நான் ஒண்ணும் கேக்கல.

ஜவுளிக்காரர்: கேக்காமலேயே பதில் சொல்றா பாருங்க! வாடா தங்கம். அப்பா இப்போ கையை விட்டு, எடுத்த எடுப்புல சத்தமாச் சொல்றேன். அதே மாதிரி நீயும் சொல்லணும். என்ன?

பொத்தான்: அப்பா... வேண்டாம்ப்பா.

ஜவுளிக்காரர்: சும்மா இரு. தோ... துணிதான். மெல்லிசு. கட்டை விரலால ரெண்டு தேய்... பட்டு! முதல் தரம்! எழுதி வெச்சுக்கோங்க.

டீச்சர்: ...வெளிய எடுங்க.

ஜவுளிக்காரர்: எடுத்தா என்ன, பட்டு பட்டுதா...

டீச்சர்: உப்புத்தாள் சார் அது. தச்சர் மரம் தேய்க்கறது.

ஜவுளிக்காரர்: ...விளையாட்டுக்குச் சொன்னேன். பிள்ளை சிரிக்கட்டுமேன்னு...

டீச்சர்: அவ சிரிக்கல. உங்க விரல் பூராவும் சிவந்து போச்சு. வலிக்கலையா?

பொத்தான்: குடுப்பா. நான் பாக்கறேன்.

டீச்சர்: ஐயோ, கன்னத்துல வெக்காதடா, கீறிடும்... பாருங்க, பாருங்க! இப்போ உங்க கழுத்தைக் கட்டிக்கிட்டா. இதேதான் சார்! என்ன சொன்னா?

ஜவுளிக்காரர்: பொத்தான்... அதை டீச்சருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.

பொத்தான்: சத்தமாவா?

ஜவுளிக்காரர்: சத்தமா.

பொத்தான்: நீதானே கூடாதுன்னே?

ஜவுளிக்காரர்: கூடாதுன்னதும் நான்தான். இப்போ சொல்லுங்கறதும் நான்தான். தெருவுக்கே கேக்கட்டும், சொல்லு.

பொத்தான்: இது... கோவிச்சுக்கிட்ட மணல். எல்லாம் கையைக் கோத்துக்கிட்டு நிக்குது. யாரையும் வழுக்க விடாது!

டீச்சர்: அம்மாடி... என் ராஜாத்தி! இவ்வளவு கணீர்னு ஒரு குரலை வெச்சுக்கிட்டு, ஏண்டி இத்தனை நாளும் காதுல சொன்னே?

பொத்தான்: கடையில அப்படித்தான் டீச்சர். புதுத் துணி வந்தா, அப்பா கொஞ்சற மாதிரி என் கன்னத்துல வெப்பார். நான் காதுல சொல்லுவேன். அப்புறம்தான் அவர் விலை சொல்லுவார்... அப்பாவோட விரல் எல்லாம் தூங்கிப் போச்சு. எழுப்பினாலும் எழுந்துக்க மாட்டேங்குது.