சகாயராஜ் பதிவு செய்த தவளை

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்... பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

என் மைத்துனனின் சிநேகிதர் சகாயராஜுக்கு நடந்தது இது. போன வருஷம் புரட்டாசி. இரவு மணி பன்னிரண்டே கால். கூட்டேரிப்பட்டைத் தாண்டி ஏரிக்குப் போகிற மண் ரோடு. முதல் பெருமழை அப்போதுதான் விட்டிருந்தது. பாசி நாற்றம்... ஏரி முழுக்கத் தவளைச் சத்தம். அவர் மட்டும் தனியாக வந்திருந்தார்.

சகாயராஜ் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஒன்பது வருஷமாக அவரும் இனியவனும் முதல் மழைக்கு இங்கே வருவார்கள். முட்டையிட வரும் தவளைகளை எண்ணி, குரலைப் போனில் பதிவு செய்து, தவளைகளுக்கென்றே இருக்கிற ஓர் இணையதளத்துக்கு அனுப்புவார்கள். பதிவு முடிகையில் எடுத்தவர் பேர், இடம், நேரம் சொல்ல வேண்டும். சொல்வது எப்போதும் இனியவன். டார்ச் பிடிப்பது எப்போதும் சகாயராஜ். அந்த இணையதளத்தில் இனியவன் பேர், பேப்பரில் இனியவன் போட்டோ. பார்க்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். சித்திரையில் இனியவன் மாரடைப்பில் இறந்தபோது அழுதார்... அழுதுகொண்டே, இனி நம் பேர்தான் என்றும் நினைத்தார். பாவி மனிதர்.

காரியம் முடிந்ததும் இனியவன் மனைவி புனிதா அவனுடைய போனை நீட்டினாள்.

"நீங்கதான் அவரு கூடவே சுத்திக்கினு இருந்தீங்க. இத்த வெச்சிக்கோங்கண்ணா."

அதில் யாருக்கும் அனுப்பாத ஒரு பதிவு இருந்தது. இருவரும் அதுவரை கேட்டிராத தவளை. டொக்... டொக்... மரக்கதவைத் தட்டுகிற மாதிரி. தன்னை விட்டுவிட்டுத் தனியாக வந்து எடுத்திருக்கிறான் என்று தெரிந்ததும் சகாயராஜுக்குத் தூக்கமே போய்விட்டது.

அந்தத் தவளையைத் தேடித்தான் அன்றைக்கு வந்தார். ஆண் தவளைக்குப் பொறாமை அதிகம். தன் இடத்தில் இன்னொன்று கத்தினால் பொறுக்காமல் பதில் கத்தும். அதனால் இனியவன் போனிலிருந்த குரலைக் கரையில் நின்று போட்டார். ஒரு மணி நேரம் போட்டார். பதிலே இல்லை. வெறுத்துப்போய், அந்தப் போனைத் தன் போனோடு ஒட்டிவைத்து, அதே குரலைத் தன்னுடையதாகப் பதிவு செய்துகொண்டார். முடிவில் சொன்னார்.

"சகாயராஜ். கூட்டேரிப்பட்டு ஏரி. மணி ஒன்னே கால்."

ஏரி கப்பென்று அடங்கியது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து... அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி... மெதுவாகப் பதில் வந்தது.

"இனியவன்."

பைக்கை எப்படி எடுத்தார், எப்படி விழுப்புரம் வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கே தன் பதிவை அழித்தார். மறுநாள் இனியவன் போனைப் புனிதாவிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் ஏரிப் பக்கமே போகவில்லை. மழை பெய்தால் ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை.

இந்த வருஷம் முதல் மழைக்கு மறுநாள், இணையதளத்தில் புதிதாக ஒரு பதிவு. பேர் இனியவன். இடம் விழுப்புரம். டொக்... டொக்... அதற்குப் பின்னால் வேறொரு சத்தமும் லேசாகக் கேட்டது. என் மைத்துனன் அதைச் சகாயராஜின் மனைவி பிரபாவதியிடம் போட்டுக் காட்டினான். அவள் ஒரு தடவைதான் கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு குறட்டைங்க இது," என்றாள்.