தொட்டிக்கு அடியில் ஒரு மெஷின்

வாழைக்காய்த் தோல் போட்டால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மற்றபடி அந்த மெஷினை யாரும் குறை சொல்ல முடியாது ஐயா. ஒன்று வாங்கிப் போடுங்கள், உங்கள் வீட்டம்மா உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள்.

எச்சில், மிச்சத்தையெல்லாம் கூழாக அரைத்துக் குழாயில் தள்ளிவிடுகிற மெஷின். மங்கலம்பேட்டை பாய் ஒருவர் குவைத்திலிருந்து கொண்டுவந்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். இவர் பீங்கான் ஃபியூஸ் செய்கிற சின்னக் கம்பெனி வைத்திருக்கிறார். தன் சூளையிலேயே பாத்திரம் கழுவ வெள்ளை வெளேரென்று ஒரு தொட்டி சுட்டு, அடியில் மெஷினைப் பொருத்தி, குழாயைக் கொல்லை வாழைக்குத் திருப்பிவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் கர்ரென்று ஒரு சத்தம். எச்சில் சோறு போன இடம் தெரியவில்லை. கைதட்டிச் சிரித்துவிட்டேன். அன்று முழுக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த பிறகு எனக்கென்று அந்த வீட்டுக்கு வந்த பொருள் அது ஒன்றுதான்.

ஈ இல்லை, நாற்றம் இல்லை, காக்காய் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய நிம்மதி, காசியம்மாள் இல்லை. அடுத்த வீட்டுக்காரி. மாட்டுக்குக் கழுநீர் எடுக்கத் தினமும் வருவாள். எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே. பானைக்குள் கையை விட்டுத் துழாவுவாள். "என்னா நீலாவதி, சோறு அப்புடியே கெடக்குது? பார்வதியம்மா இன்னிக்கும் சாப்புடலியா?" என்பாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதியாவது ஊட்டிக்கொண்டிருந்தேன்.

பார்வதி என் வீட்டுக்காரரின் மூத்த சம்சாரம். பக்கவாதம். பேச்சு இல்லை, கை கால் அசையாது. அவர் ஊட்டினால் புரையேறும் என்று அந்த வேலையை என்னிடமே விட்டிருந்தார். அதற்காகத்தானே என்னை இரண்டாந்தாரமாகக் கட்டினார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கம்பெனியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பார்வதி சாப்ட்டாளா?" என்பார். நீ சாப்பிட்டாயா என்று என்னை ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். வயிறு எரியும் ஐயா, அதை மறைக்கவில்லை.

மெஷின் வந்த பிறகு, "சாப்ட்டாங்க" என்று சொல்லிக் காலித் தட்டைக் காட்டுவேன். குழைய வடித்த சோறு, பருப்பு, நெய். தட்டோடு கட்டிலுக்குப் போவேன். பார்த்ததும் வாயைத் திறப்பாள். முந்தானையால் அந்த வாயைத் துடைத்துவிட்டு நேரே தொட்டிக்கு வந்துவிடுவேன். கர்ர். மனசு அப்படி லேசாகிவிடும், சில நாள் பாடக்கூடச் செய்வேன். தண்ணீர் மட்டும் தவறாமல் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

அவள் இளைக்க இளைக்க அவர் முட்டை வாங்கினார், பாலைக் கூட்டினார். டாக்டர், நோய்தான் உடம்பைத் தின்கிறது என்றார். கொல்லை வாழைத்தார் மட்டும் கொழுத்துப் பழுத்தது. முதல் பழத்தைப் பறித்து வந்து, "பார்வதிக்குப் பெசஞ்சு குடு" என்றார். அதையும் அரைத்தேன். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவள் போன அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. வந்ததும் அரைத்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தொட்டியிலேயே விட்டிருந்தேன். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க உள்ளே போன காசியம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள். நெய்ச்சோறு, முட்டை, பால், எல்லாம் ஊறிக் கிடந்தது. "அடிப்பாவி, இது அந்தம்மாவுக்கு ஆக்குன சோறாச்சே" என்று கத்தினாள். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். தொட்டிக்குள் கையை விட்டு அந்தச் சோற்றை அள்ளி அள்ளி ஒரு தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். அப்போதும் அவளுக்குத்தான்.

ஆமாம், பட்டினி போட்டுத்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. அவளுக்கு ஒரு வேளைகூட நான் சமைக்காமல் இருந்ததில்லை.