முதுகுல ஒரு தட்டு

— போங்கப்பா, போங்க.

— போறேன் தாயி. எதுக்கு இந்தத் தட்டு தட்டுற. சின்னப்புள்ளைலருந்து ஒனக்கு இதே அவசரந்தான். சிக்னல்ல வண்டி நின்னா முதுகுல தட்டு விழுந்துரும்.

— சரி, ரோட்டப் பாத்து ஓட்டுங்க. மதுரைய விட்டு வெளியேறணும்ல.

— அது கெடக்கட்டும் நாகஜோதி. மெட்ராஸ்ல டாக்டரு என்ன சொன்னாரு?

— ரயில விட்டு எறங்குனதுமே சொன்னேன்ல. பாஸுன்னு.

— மொத்தமாச் சொல்லாத, ஒவ்வொண்ணாச் சொல்லு. ஹெலிகாப்டர் ஓட்டணும்னா பன்னெண்டாப்புல பிசிக்ஸு, கணக்கு வேணும்னாக, இருக்கு. பதினெட்டு வயசும் ஆச்சு. பரிச்சையெல்லாம் நீ எழுதிப்புடுவ. இந்த ஒடம்பு டெஸ்ட நெனச்சுத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு.

— காது நல்லாருக்கு. நெஞ்சு நல்லாருக்கு. ரத்தமும் நல்லாருக்காம்.

— கண்ணு?

— கண்ணாடியே வேணாம்னுட்டாக. கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன்.

— வாசிக்கிறது சரி. புள்ளி புள்ளியா ஒரு புத்தகம் காட்டலயா?

— ஒங்களுக்கு எப்பிடிப்பா அது தெரியும்?

— யாரோ சொன்னாக. காட்டுனாகளா இல்லையா?

— காட்டுனாக. பச்சைப் புள்ளிக்கு நடுவுல செவப்புப் புள்ளியில நம்பரு. எல்லாத்தையும் கரெக்டாச் சொன்னேன்.

— ஒண்ணுகூட விடலயே?

— விடலப்பா. எதுக்கு வண்டிய ஓரங்கட்டுறீக?

— இரு தாயி. செத்த நின்னு போவோம். இந்த ஒரு மாசமா சோறு எறங்கல எனக்கு. திருச்சுழி திருமேனிநாதருக்கு வெளக்குப் போடுறேன்னு நேந்திருக்கேன். இப்பத்தான் மூச்சே வருது.

— காதுக்கும் நெஞ்சுக்கும் இல்லாத வேண்டுதலு கண்ணுக்கு மட்டும் எதுக்கு?

— அப்பன்னா அப்பிடித்தான். வா, ஏறு. பாலையம்பட்டி தாண்டி காப்பி குடிப்போம்.

— இருங்க. டாக்டரு இன்னொண்ணும் கேட்டாரு. வீட்டுல யாருக்காச்சும் செவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாம இருக்கான்னு.

— நீ என்ன சொன்ன?

— எங்கப்பாவுக்குன்னு சொன்னேன்.

— ஏத்தா, அது ஒங்கம்மாளுக்கே தெரியாது. நானு ரயிலு ஓட்டுற வேலைக்குப் போனப்ப அந்தப் புத்தகத்தக் காட்டித்தான் திருப்பி அனுப்புனாக. எவன்ட்டயும் மூச்சு விடல. காட்டுல மொளகாப்பழம் பறிக்கக்கூட இடுப்பு வலின்னு சொல்லி ஒங்கம்மாளத்தான் அனுப்புவேன். எம் பாவம் ஒனக்கும் ஒட்டிக்கிருமோன்னு செத்துக்கிட்டிருந்தேன்.

— ஒட்டலப்பா. அதான் பாஸாகிட்டேன்ல. அழாதீக.

— ஒனக்கு எப்பத் தெரியும்?

— ஒண்ணாப்பு படிக்கையில. வெயிலு நேரா அடிச்சா மேல எரியுதா, கீழ எரியுதான்னு தெரியாம சிக்னலையே பாத்துக்கிட்டு நிப்பீக. பக்கத்து வண்டி நகண்டாத்தான் நகருவீக. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தத் தட்டு. எனக்கு என்னைக்குப்பா அவசரம் இருந்துச்சு?