மத்தியான ப்ளைட்டு

அந்தப் பைய கொஞ்சம் நிமித்தி வெச்சிக்கோங்கக்கா, உள்ள எவர்சில்வர் தட்டு இருக்குது, நெளிஞ்சிடப் போவுது. ஆமா, தட்டு மாத்தறதுக்குத்தான். நாளைக்குக் காலைல. யாருக்கா? எனக்குத்தான்.

இல்லக்கா, மாப்ளகூடப் பேசிக்கினு இல்ல. இளமாறன்கிட்ட பேச இன்னா இருக்கு, மூக்கொழுவ ஒண்ணாத் திரிஞ்ச மாமா பையன். இதப் பாருங்க, போன்ல மஞ்சளா குட்டியா ஊருதே, ஏரோப்ளேன். மெட்ராஸ்லேர்ந்து அந்தமான் போவுது. அது அங்க எறங்குனாத்தான் எங்கப்பா அதுல ஏறி வரமுடியும். ராத்திரி பஸ்ஸப் புடிச்சா விடியசொல்ல கள்ளக்குறிச்சி. கச்சிராயபாளையம் தாண்டிட்டா டவர் போயிடும், அதுக்குள்ள தெரிஞ்சிடணும்.

அப்பா அந்த ஏர்போர்ட்லதான் இருக்காரு. ஐய, பைலட்டெல்லாம் இல்ல. ரன்வே ஓரமா புல்லு வெட்டறாரு. புல்லு ஒசந்துச்சின்னா பறவ வந்து எஞ்சின்ல பூந்துடுமாம். நான் ஆறாவது படிக்கசொல்ல போனவரு. தெனம் போன் பண்ணுவாரு, சாப்ட்டியாம்பாரு, அப்பறம் ரன்வே கததான். அந்த ஊரு காத்து எனக்கு மனப்பாடம்.

கேளுங்க. ரன்வேக்கு ஒரு முனைல குன்று. அதனால ஒரே பக்கமாத்தான் எறங்கணும். காலைல காத்து சும்மா கெடக்கும், அலுங்காம எறங்கிடும். இந்த மழ மாசத்துல மத்தியானத்துக்கு மேல காத்து கெளம்பிச்சின்னா எறங்கற ப்ளைட்டப் பின்னாடிலேர்ந்து தள்ளும். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கினு டிராக்டரு எறக்கத்துல வருமே, பாத்ததில்ல? பிரேக்க மிதிச்சாலும் லோடு தள்ளிக்கினே போவும்ல, அதேதான். பைலட்டு மேலயே சுத்திப் பாப்பாரு. காத்து அடங்கலன்னா மெட்ராசுக்கே திரும்பிடுவாரு.

இந்த டிரைவரு ஏன் இப்டி உருட்டறாரு. டவர் வேற ஒரு புள்ளிதான் காட்டுது.

வராட்டியா? வராட்டி தட்டு மாத்த முடியாதுக்கா. எங்காளுங்கள்ல பொண்ணப் பெத்தவரு கையாலதான் தட்ட வாங்கணும். அவரு குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல வேற யாருனா கைய நீட்டுனா அவரு ஆயுசுக்கு ஆவாதும்பாங்க. எங்கம்மா வுடவே வுடாது. நாளைய வுட்டா ஆடி. ஆடில எவன் தட்டத் தொடுவான்?

எனக்கா? எனக்கு வேணாங்க்கா. ப்ளஸ் டூ முடிச்சிட்டேன், சேலத்துல நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு, அடுத்த வாரம் சேரணும். தட்டு மாத்திட்டா நாராயணசாமி மாமா, அதான் இளமாறன் அப்பா, அனுப்ப மாட்டாரு. அத்த அப்பவே கேட்டுச்சி, எங்க வூட்டுக்கு ஊசி போடவா வரப்போறன்னு. அம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன். அது அண்ணன் பேச்சத் தாண்டாது. மாமா மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல அப்பாவுக்கும் வாய் வராது. அவரு ஊர்ல இல்லாத வருசமெல்லாம் எங்களுக்கு ஒரு ஜொரம்னாலும் ஓடியாந்தது மாமாதான. மாமா கெட்டவரு இல்லக்கா. அதான் கஷ்டமே.

இருங்க இருங்க. சுத்துது. தீவுக்கு மேல வந்துடுச்சி, எறங்காம சுத்துது. போச்சி, டவர் போச்சி. சே, இந்த போனு ஒண்ணு.

வந்துடுச்சி. இன்னும் சுத்துது. இல்ல, இல்ல, வட்டம் வுட்டு வெளிய வருது. இதப் பாருங்க, மூக்கு எந்தப் பக்கம் இருக்கு? மெட்ராஸ் பக்கந்தான?

திரும்பிடுச்சிக்கா.

நான் அழுவல. பஸ்ஸுல தூசி.

ஏன், காலைல ப்ளைட்டு இல்லியான்னா? இருந்துச்சே, சீட்டும் இருந்துச்சி. டிக்கெட் போட்டதே நாந்தான். ஐயோ, நானா முடிவு பண்ணலக்கா. காலைலதா, மத்தியானத்துதாப்பான்னு கேட்டேன். போன்ல காத்துதான் உய்யுன்னு அடிச்சிக்கினு இருந்துச்சி. அப்பறம், சேலத்துல ஆஸ்டல் நல்லா இருக்குமாம்மான்னு கேட்டாரு. இருக்கும்ப்பான்னேன்.

அப்ப மத்தியானத்துதே போடுன்னாரு.

என் ஸ்டாப்பு வந்துடுச்சி. தட்டக் குடுங்கக்கா.