சோதனை ரயில் நின்ற முப்பத்துமூன்று விநாடிகள்

பெயர் வார்விக் ட்ரெகியர். வயது 68. ஓய்வுபெற்ற தபால்காரர். நியூ சவுத் வேல்ஸ், விராபில்லா, மில் தெரு, எண் 9இல் வசிக்கிறேன். இன்று ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

கடந்த 14ஆம் தேதி காலை புதிய பயணிகள் ரயிலின் சோதனை ஓட்டத்தைப் படம் எடுக்க நானும், நண்பர் நோயல் ஹார்ட்டிகனும், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை பெரில் குவிஸ்ட்டும் நோயலின் வண்டியில் ஊருக்கு வெளியே உள்ள நேர்பாதைக்குப் போனோம். நோயலுக்கு வயது 71. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பழைய நீராவி ரயிலைச் சம்பளம் இல்லாமல் ஓட்டுகிறவர். போகும் வழியெல்லாம் புது ரயிலைப் பற்றியே பேச்சு. "மூஞ்சியப் பாரு, ஃபிரிட்ஜைப் படுக்கப்போட்ட மாதிரி" என்றார் நோயல். "ஃபிரிட்ஜு நூத்தி அறுபதுல ஓடுமா, கிழவா? உன் நீராவி டப்பா நாப்பதுக்கே முனகுது" என்றார் பெரில்.

10.15க்கு இடத்தை அடைந்தோம். வேலிக்கு உள்ளே ஒரு வாட்டில் மரக்கிளை பூத்துச் சரிந்து, படத்தில் தண்டவாளத்தை மறைத்தது. இப்படிப்பட்ட கிளைகளை வெட்டுவதை ரயில் படம் எடுக்கும் எங்கள் ஆட்கள் 'தோட்ட வேலை' என்பார்கள். தவறு என்று தெரிந்தேதான் செய்வோம். நோயல் வண்டிக்குள் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பின்புறம் கிடந்த கிளை வெட்டும் கத்தரியையும் அவருடைய ஆரஞ்சு மேலங்கியையும் அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். யாராவது பார்த்தால் ரயில்வே ஆள் என்று நினைக்கட்டும் என்றுதான் அதைப் போட்டுக்கொண்டேன்.

வேலியைத் தாண்டி உள்ளே போய்க் கிளையை வெட்டி முடித்த நேரத்தில், 10.32க்கு, ரயில் தூரத்தில் தெரிந்தது. நீளமாக ஊதியது. எங்களைப் போன்றவர்களைக் கண்டால் ஓட்டுநர்கள் ஊதுவது வழக்கம். எனக்குத்தான் ஊதுகிறார் என்று மகிழ்ந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். அதன் பிறகு வேலியைத் தாண்டி வந்து, மேலங்கியைக் கழற்றி வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டுக் கேமராவை எடுத்தேன். ரயில் எங்களுக்குச் சுமார் நூறு மீட்டர் முன்னால் நின்றது.

நாங்கள் அதை பிரேக் சோதனை என்று நினைத்தோம். பிரேக் பிடித்ததிலிருந்து கைக்கடிகாரத்தில் நேரம் அளந்துகொண்டிருந்த பெரில், "முப்பத்திமூணு செகண்டுடா! என்னமா பிடிக்குது பாரு!" என்று கத்தினார். நாங்கள் கைதட்டினோம். அன்று மாலை அவர் அந்தக் கணக்கை எங்கள் இணையக் குழுவில் போட்டார். அறுபத்திரண்டு பேர் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

ரயிலுக்குள் அளவுக் கருவிகளுடன் நின்றிருந்த பொறியாளர் ஒருவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார் என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது. கம்பத்தில் மறந்துவிட்டு வந்த மேலங்கியின் உட்புறம் நோயலின் பெயர் தைத்திருந்ததால் அவரை விசாரித்தார்கள். அவர் மேலங்கி தன்னுடையது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நீராவி ரயில் ஓட்ட அவருக்கு இருந்த அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை அதை ரத்துசெய்வது பற்றி முடிவெடுக்கிறார்கள். நேற்று அவர் வீட்டுக்குப் போய், நான்தான் என்றேன். "தெரியும்டா. நீதான் போய்ச் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஆரஞ்சு மேலங்கி போட்ட ஆள் இரண்டு கைகளையும் தூக்கியதால் நிறுத்தியதாக ரயில் ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். ரயில் ஓட்டுகிறவர்களிடையே அதற்கு ஒரே பொருள்தான்: ஆபத்து, நிறுத்து. நோயலுக்கு அது நாற்பது வருடமாகத் தெரியும். தண்டவாளத்தின் ஓரத்தில் அவர் ஒரு கையைக்கூடச் சும்மா தூக்கி நான் பார்த்ததில்லை. அப்படித் தூக்கக்கூடியவன் எங்கள் மூவரில் நான் ஒருவன்தான்.

பெரில் எழுதிய முப்பத்துமூன்று விநாடி சரி. காரணம் மட்டும்தான் தவறு. அன்று எடுத்த படத்தை ஒப்படைக்கிறேன். அதில் கிளை இல்லை. ரயில் முழுதாகப் பதிந்திருக்கிறது.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வா. ட்ரெகியர்