கடைசி வண்டியின் விளக்கு

— அண்ணா, முன்னாடி ஒரு பைக்கும் தெரியல. ஒரே செம்மண் தூசு. நிக்கட்டா?

— நிக்காதே ஷெர்வின். நேரா வா.

— நேரான்னா எங்க? ஊரப்பாக்கம் ஏரியத் தாண்டினதுல இருந்து பாதையே இல்ல. முன்னாடி போன எழிலக்காவும் கிளப் ஆளுங்களும் டீக்கடைக்கே போயிருப்பாங்க.

— உனக்காகத்தான் காத்திருக்கோம். வா.

— முதல் ரைடுலயே மானம் போகுது. சிரிக்காதீங்க வெற்றிண்ணா.

— சிரிக்கலையே.

— அதான் பயமா இருக்கு. எப்பவும் ‘இன்னாடா சோம்பேறி’ன்னு கத்துவீங்க. இன்னைக்கு ஹெல்மெட் ஸ்பீக்கர்ல இவ்ளோ மரியாதையா பேசுறீங்க.

— தூசுல தொண்டை கட்டிக்கிச்சு தம்பி. இன்னும் கொஞ்சம் முறுக்கு.

— கண்ணாடில உங்க லைட்டு தெரியுது. ஏன் அணைச்சு அணைச்சுப் போடுறீங்க?

— வேகமா போகச் சொல்லித்தான்.

— கடைசியா வர்ற ஸ்வீப் வண்டி லைட் அடிச்சா, எல்லாரும் நிக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?

— அது தூசு இல்லாத இடத்துக்கு. இங்க என் பேச்சைக் கேளு. நேரா வா.

— சரிங்கண்ணா, மூணாவது கியர் போடுறே... ஐயோ! ஏண்ணா முந்துறீங்க? ஸ்வீப் யாரையும் முந்தவே கூடாதே! இப்படிக் குறுக்கால வண்டியப் போட்டா நான் மோதியிருப்பேன்ல!

— டேய்! ஆப் பண்ணுடா வண்டிய! ஆரன் அடிச்சுகினு வரேன், லைட் அடிச்சுகினு வரேன், நீ பாட்டுக்குப் போய்கினே கீற. காது அவுட்டா?

— வெற்றிண்ணா, நீங்கதானே நேரா வரச் சொன்னீங்க?

— நானா? நல்லா பாரு. என் வண்டிக்கு அந்தாண்ட தரை கீதா?

— ...இல்ல. குவாரி. கீழ தண்ணி.

— போன ஆடியில நம்ம கிளப் பென்னி இங்கதான் வண்டியோட உள்ள போனான். வண்டிய மட்டும்தான் எடுக்க முடிஞ்சுது. ஆளு கெடைக்கவே இல்ல. அதுக்குத்தான்டா நிறுத்துன்னா நிறுத்தணும்ன்றது.

— ஆனா ஸ்பீக்கர்ல உங்க குரல் கேட்டுச்சே...

— என் ஸ்பீக்கர் கெளம்பும்போதே சார்ஜ் இல்லாம படுத்துச்சு. கழட்டி பையில போட்டுகினு வரேன். தோ, பாரு.

— அண்ணா... என் ஹெல்மெட்ல இன்னும் பேசுது.

— இன்னாடா பேசுது?

— வெற்றி வண்டிய நகத்தட்டும், வா ஷெர்வின். போன ஆடியில நானும் இவன் குரலக் கேட்டு நேராத்தான் வந்தேன்.