கூறையில் தைத்த கோட்

தேநீருக்கு நன்றி, அத்தான். சீனி கொஞ்சம் குறைவு. இன்றைக்கு அதைப் பெரிதுபடுத்தமாட்டேன். உங்கள் மகள் லக்‌ஷிகாவின் கலியாண வரவேற்பு விருந்தை இந்த நித்தியானந்தன் ஏன் இப்படிக் குழப்பினான் என்று கேட்கிறீர்கள். உங்கள் தங்கை, அதாவது என் மனைவி சிவமலர், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். ஆறுதலாகவே சொல்கிறேன்.

உடுப்பில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. கோட்டும் காற்சட்டையும் ஒரே துணியில் இருக்கக்கூடாது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே சாம்பல் நிறத்தில் வருகிற மனிதரைப் பார்த்தால் எனக்கு மழையில் நனைந்த மதில்தான் ஞாபகம் வரும். நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். நாள் முழுக்க இருந்த இடத்திலேயே இருந்து, மற்றவர்கள் பிழையான கியரைப் போடுவதைப் பார்க்கிறவன். பச்சைக் கோட்டுக்கு மண்ணிறக் காற்சட்டை, அதற்கு மேல் கடுகு நிற வெயிஸ்ட்கோட் என்று சேர்த்துப் பார்ப்பதுதான் என் ஒரே சந்தோஷம்.

"இருட்டுக்க நிண்டு உடுத்தினீங்களோ?" என்று சிவமலர் கேட்பாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் படங்கள். ரயிலில் இலவசமாகக் கிடைக்கும் மாலைப் பத்திரிகைகளில், சிவப்புக் கம்பளத்தில் நடக்கும் நடிகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக நான் அவற்றை வெட்டி வைக்கவில்லை. இந்த 2009, தோள்பட்டைகளின் வருடம். ஒருத்தி, காற்றில் மறுபக்கம் புரண்ட குடைபோல இரண்டு தோள்களோடு வந்தாள். குளிரில் அவளுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் சிரித்தாள். அந்தப் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஜேர்மனியிலிருந்து லொறிக்குள் ஒளிந்து இந்த ஊருக்கு வந்தவன் ஒரு கோட்டுக்குப் பயப்படலாமா என்று யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான், லக்‌ஷிகாவின் விருந்துக்கு மண்டப வாசலில் சிவப்புக் கம்பளம் விரிக்கப்போவதாக நீங்கள் சொன்னீர்கள். ஆகவே பொறுப்பில் ஒரு பங்கு உங்களுக்கும் உண்டு. நான் அதை அழுத்திச் சொல்லவில்லை.

கோட் தைக்கத் துணி தேடினால், கடைகளில் இருந்த சிவப்பெல்லாம் தபால்பெட்டிச் சிவப்பு. எனக்கு வேண்டியது உள்ளே நெருப்பு எரிகிற சிவப்பு. கடைசியில் அது வீட்டிலேயே, அலுமாரியின் மேல்தட்டில், ஒரு தலையணை உறைக்குள் இருந்தது. சிவமலரின் கூறைப் பட்டுச்சேலை. தாலி கட்டிய அன்று உடுத்ததோடு சரி. கூறை எடுத்தது மாப்பிள்ளை வீட்டார், அதாவது நாங்கள். ஆகவே அது களவு அல்ல.

நாங்கள் இருக்கிற இல்ஃபோர்டில் தைக்கக் கொடுத்தால் பின்னேரத்துக்குள் சிவமலருக்குச் செய்தி வந்துவிடும். அதனால் ஆற்றைக் கடந்து தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். அங்கே பியற்றிஸ் என்று ஒரு தையல்காரர். துணியை விரித்ததும் அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணை, இது கூறையெல்லோ? அக்கா வெட்டச் சொன்னவவோ?"

"அவவுக்கு இனி இது தேவைப்படாது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பியற்றிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எப்ப அண்ணை?" என்று மெல்லக் கேட்டார்.

திருத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் அதற்குள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். வேலை செய்கிறவரின் மனத்தைக் கலைக்கக்கூடாது. "தைப்பொங்கலுக்குப் பிறகு" என்றேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கெல்லாம் முடிந்த காலமாகப் பார்த்துத்தான் சொன்னேன். இல்லாவிட்டால் பாவம், சோறு கறி சமைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"கடைசிப் பயணத்துக்குக் கூறையைக் கட்டி அனுப்பேல்லையோ?"

"மனம் வரேல்லை."

அதுவும் உண்மை. அப்படி ஒரு பட்டை யார் எரிப்பார்கள்?

அளவு பார்க்க அடுத்த முறை போனபோது, சிவமலரின் ஆன்மாவுக்காகத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்ததாகச் சொன்னார். நன்றி சொன்னேன். கழுத்துப்பட்டியில் மயில் கரை வருமா என்றும் கேட்டேன்.

விருந்தன்று சிவமலரை வாசலில் இறக்கிவிட்டு, "காரை விட்டிட்டு வாறன்" என்றேன். கோட் டிக்கிக்குள் இருந்தது. கீழே சாம்பல் கோடு போட்ட காற்சட்டை, நடுவில் கடுகு நிறம், மேலே அந்தச் சிவப்பு. கம்பளத்தில் நடந்தேன். படம் எடுப்பவர் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பினேன். அவர் சொல்லாமலும் சில தடவை திரும்பினேன். பொம்பிளை மாப்பிள்ளையின் கார் எனக்குப் பின்னால் காத்து நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கெதியாக முடித்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

லக்‌ஷிகாவின் சட்டைகளைத் தைத்தவரும் பியற்றிஸ்தான் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை, அத்தான். அவர் கேக் மேசையடியில் நின்றார். பக்கத்தில் ஒரு பெண் என் கோட்டைப் பார்த்துக் கண்கலங்கி நின்றாள். பியற்றிஸ் அவளுடைய கையைப் பிடித்தார்.

"அழாதையுங்கோ அக்கா. மனிசியின்ர கூறையைத்தான் போட்டிருக்கிறார். செத்தவவையும் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இந்தக் காலத்தில ஆர் இப்பிடி?"

"ஆற்ற மனிசி செத்தது?"

"இந்த நித்தியானந்தன் அண்ணையின்ர. சிவமலர் எண்டு பேர்."

"நான்தான் சிவமலர்."

பியற்றிஸ் அலறிப் பின்வாங்கிய வேகத்தில் கேக் மேசை சரிந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். "நல்ல நாளில செத்த கதையோ?" என்று சம்பந்தியம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டதும், நீங்கள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதும், மாப்பிள்ளையே தாயைச் சமாதானப்படுத்தி உள்ளே கொண்டுவந்ததும். நான் உதவிக்கு வந்திருப்பேன். கோட்டில் ஐசிங் பட்டுவிடும் என்று தள்ளி நின்றேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கூறையை வெட்டக் கொடுத்தது நான். சிவமலரைச் சாகடித்ததும் நான், வாய்வார்த்தையால் மட்டும். இதையெல்லாம் நான் எனக்காகச் செய்யவில்லை. அவளுடைய அழகான பொருள் ஒன்று இருட்டில் கிடக்கிறதே என்ற அன்பினால் செய்தேன்.

இதோ, சிவமலரே வந்துவிட்டாள்.

"நான் ஒண்டுதான் கேக்கிறன். அதுக்குப் பிறகு வீட்டுக்கு வாறதோ இல்லையோ எண்டு சொல்லுறன். நான் செத்துப்போனன் எண்டு சொல்லேக்க உங்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீராவது வந்ததோ?"

வந்தது, சிவமலர். பியற்றிஸைக் கேட்டுப்பார், அவர்தான் துடைக்கக் கடதாசி தந்தவர். அளவு பார்த்த அன்று கோட்டைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். தோள் மட்டமாக விழுந்திருந்தது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. மெல்லத் திரும்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். அப்போதுதான் உன்னை நினைத்து விம்மி விம்மி அழுதேன்.